முதல் திரையிடலை யாருக்குக் கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம். முதல் படத்தை முடித்த கையோடு என்னைத் தேடி வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "ஆசியத் திரைப்பட விழாவுக்கு அனுப்பலாமா, வேண்டாமா?" அடுத்த கேள்வி கட்டணத்தைப் பற்றி இருக்கும். கட்டணமே வாங்காத நல்ல விழாக்கள் உண்டு. வாங்குகிறவர்களிடமும் நிலைமையைச் சொல்லி எழுதினால் சில நேரம் விலக்கு கிடைக்கும். அதைவிட முக்கியமாக யோசிக்க வேண்டியது முதல் திரையிடலை.

உலக முதல் திரையிடல் ஒரு படத்துக்கு ஒரே முறைதான் வாய்க்கும். முக்கியமான விழாக்களின் போட்டிப் பிரிவுகள் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. குறைந்தபட்சம், சொந்த நாட்டைத் தாண்டி எங்கும் காட்டியிருக்கக் கூடாது என்பார்கள். நண்பர் நடத்தும் சின்ன விழாவில் ஆசைக்கு ஒருமுறை காட்டியிருப்போம், அல்லது யூடியூபில் ஏற்றியிருப்போம். அப்புறம் விதிமுறையைப் படித்தால் நம் படத்துக்கு அங்கே இடமே இருக்காது. எனவே விதிமுறையை முதலில் படியுங்கள்.

எந்த விழா? பெயரில் ஆசியா இருந்தால் போதாது. இத்தாலியின் உதினே நகரில் நடக்கும் தூரக்கிழக்கு விழா கிழக்காசிய, தென்கிழக்காசியப் படங்களுக்கானது. தெற்காசியப் படத்தோடு அங்கே போய் நிற்பதில் பயனில்லை. பிரான்சின் வெசூல் விழாவோ மேற்காசியா முதல் தூரக்கிழக்கு வரை பார்க்கிறது. ஆவணப்படம் எடுத்தவர்கள் ஜப்பானின் யமகாத்தாவை மறக்க வேண்டாம். 1989 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த விழாவில், வளர்ந்துவரும் ஆசிய ஆவணப்படக்காரர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

கதைப்படம் என்றால் பலருக்கும் கனவு தென்கொரியாவின் பூசான். 1996இல் தொடங்கிய விழா அது. முதல் படமோ இரண்டாம் படமோ எடுத்த ஆசிய இயக்குநர்களுக்காக நெடுங்காலம் அங்கே ஒரு போட்டி நடந்துவந்தது. சீன இயக்குநர் ஜியா சாங்கேயின் முதல் முழுநீளப் படம் 1998இல் பரிசு பெற்றது அதில்தான். 2025இல் ஆசியப் படங்களுக்கான முதன்மைப் போட்டியையே தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பாவின் பெரிய விழாக்களில் வரிசையின் கடைசியில் நிற்பதைவிட, புதியவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் இப்படிப்பட்ட இடத்தில் நிற்பது மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்ற நாட்டு விழாக்களுக்குப் படம் தேடுகிறவர்களும் விற்பனை முகவர்களும் அங்கே வருகிறார்கள்.

மாதாமாதம் நடக்கும், அனுப்பிய அத்தனை பேருக்கும் விருது தரும் 'விழா'க்களும் இருக்கின்றன. அரங்கின் பெயரைக்கூட அவர்கள் சொல்ல மாட்டார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, படம் தயாரா? தேர்வுக் குழுவில் உட்கார்ந்து படம் பார்த்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரே நாளில் அடுத்தடுத்துப் படங்கள், பெரும்பாலும் மடிக்கணினியில், காதில் ஹெட்போனோடு. நிறத் திருத்தம் முடியவில்லை என்றால் பொறுத்துக்கொள்வோம். ஒரு ஷாட்டில் குரல் பளிச்சென்று கேட்டு, அடுத்த ஷாட்டில் மின்விசிறி இரைச்சலில் அமுங்கினால், கை தானாகவே ஒலியளவுக்குப் போகும். மனம் கதையை விட்டு வெளியே வந்துவிடும். சப்டைட்டிலும் அப்படித்தான். நடிகர் பேசி முடித்து வாயை மூடிய பிறகு வரி வந்தால் நகைச்சுவையும் போச்சு, அழுகையும் போச்சு. மொழி தெரியாத ஒருவரை உட்கார வைத்து முழுப் படத்தையும் காட்டுங்கள். அவர் எங்கே போனை எடுக்கிறார் என்று கவனித்தால் எடிட்டில் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த வேலை இந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் தேதிக்குள் முடியாதென்றால் அடுத்த ஆண்டுக்கு அனுப்புங்கள். ஒரு முறை நிராகரித்த படத்தைத் திரும்பப் பார்க்கப் பல விழாக்கள் மறுத்துவிடும்.

இன்னொன்று, காத்திருப்பு. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை படத்தை வெளியிட முடியாது. கடன் வாங்கி எடுத்திருந்தால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். எந்த மாதம் வரை பொறுப்பது, பதில் 'இல்லை' என்று வந்தால் அடுத்து எங்கே அனுப்புவது, ஓடிடி பேச்சை எப்போது தொடங்குவது என்பதையெல்லாம் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தயாரிப்பாளரோடு உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போட்டவருக்கும் அதில் சம்மதம் வேண்டும்.

நன்றி, வணக்கம்.