ஒரு துண்டு டேப், 50 சதவீதம் கூடுதல் வேகம்: ஓவர்க்ளாக் செய்ய எந்த பிராசசர் வாங்கலாம்?

[திரையில்: அட்டை வடிவத்தில் ஒரு பழைய பிராசசர். அடிவிளிம்பில் தங்க நிறத் தொடுமுனைகள்.]

இந்த விளிம்பில் பி21 என்று ஒரு தொடுமுனை இருக்கிறது. அதன்மேல் நகக்கண் அளவுக்கு ஒரு டேப் துண்டு. அட்டையைத் திரும்பச் செருகி கம்ப்யூட்டரை ஆன் செய்தால், 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450இல் ஓடும். காசு கொடுக்காமல் ஒன்றரை மடங்கு வேகம்!

வணக்கம். ஓவர்க்ளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்ட, நல்ல பிராசசரை எப்படித் தேடுவது என்று பார்க்கப் போகிறோம். மாடல் பட்டியலில் தொடங்கப் போவதில்லை. இந்த டேப் ஏன் வேலை செய்தது என்று தெரிந்துவிட்டால், எந்தப் பட்டியலையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

அடிப்படையை வேகமாக முடித்துவிடலாம். அடிப்படை க்ளாக் என்பது மதர்போர்டு கொடுக்கும் துடிப்பு, மல்டிபிளையர் என்பது அதைப் பெருக்கும் எண். இரண்டையும் பெருக்கினால் பிராசசரின் வேகம். 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிபிளையர் 45 என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ். இரண்டில் ஒன்றை ஏற்றினால் அதுதான் ஓவர்க்ளாக். சரி, அடுத்து.

ஒரே சிலிக்கான் வேஃபரில் (வட்டத் தகட்டில்) பிறக்கும் சிப்கள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சோதித்து, தரம் பிரித்து, வேறு வேறு மாடலாக விற்கிறார்கள். ஆனால் தயாரிப்பு கை பழகப் பழக நல்ல சிப்கள் பெருகிவிடும். வாங்க வருகிறவர்களோ அதிகம் கேட்பது விலை குறைந்த மாடலைத்தான். அப்போது வேகமாக ஓடக்கூடிய சிப்பின் மேலேயே குறைந்த வேகத்தை அச்சடித்து விற்க வேண்டி வரும். நாம் தேட வேண்டியது அந்தச் சிப்பை. அதாவது, சிலிக்கானால் முடிவதற்கும் பெட்டியில் போட்டிருப்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியை.

[திரையில்: செலரான் 300ஏ]

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1998 ஆகஸ்ட். இன்டெல் இரண்டு பிராசசர்களை வெளியிடுகிறது. ஒன்று உச்ச மாடல் பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். இன்னொன்று, விலையில் அதன் கால் பங்கு கூட இல்லாத செலரான் 300ஏ. இதற்கு முந்தைய செலரானில் இரண்டாம் நிலை கேச்சே (அடிக்கடி தேவைப்படும் தரவைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் வேகமான நினைவகம்) கிடையாது, அதனால் திட்டு வாங்கியது. 300ஏ-வில் அந்தக் குறையைச் சரி செய்தார்கள். பென்டியம் 2-க்கு 512 கேபி கேச், ஆனால் அது அட்டையில் தனிச் சிப்களாக உட்கார்ந்து பிராசசரின் பாதி வேகத்தில் ஓடும். செலரானுக்கு 128 கேபிதான், ஆனால் சிப்புக்கு உள்ளேயே, முழு வேகத்தில்.

இதன் அழகைப் பாருங்கள். வெளியே தனி கேச் சிப் இல்லை என்றால், வேகத்தை ஏற்றும்போது தடுக்கி விழ ஒரு பாகம் குறைந்துவிட்டது! மல்டிபிளையர் 4.5 என்று பூட்டியிருந்தது. ஆனால் பஸ் வேகம், அதாவது இதன் அடிப்படை க்ளாக், 66. அதை 100 ஆக்கினால் நேராக 450. பி21 முனையை மறைத்தால், இது 100 மெகாஹெர்ட்ஸ் பிராசசர்தான் என்று மதர்போர்டு நம்பிவிடும்.

அப்போதைய மதர்போர்டுகளில் பாகங்களை இணைத்த 440பிஎக்ஸ் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸை முறையாகவே ஆதரித்தது. அதனால் கிராபிக்ஸ் கார்டு, பிசிஐ கார்டுகள் எல்லாம் வழக்கமான வேகத்திலேயே ஓடின. பிராசசரைத் தவிர எதுவும் எல்லை தாண்டவில்லை. பல வேலைகளில் இந்தச் செலரான் உச்ச மாடலோடு தோளோடு தோள் நின்றது. கம்ப்யூட்டர் வரலாற்றில் இவ்வளவு கச்சிதமான பொருத்தம் வேறு இல்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள், அதற்காகவே இன்னொரு வீடியோ போடுகிறேன்.

ஆக, 300ஏ-வில் மூன்று விஷயம் சேர்ந்தது: திறமை மறைந்திருந்த சிப், திறக்க ஒரு வழி, தாங்கும் மதர்போர்டு. இன்றைக்கும் பார்க்க வேண்டியவை இவைதான்.

[திரையில்: 2011]

இன்டெலின் கோர் 2 பிராசசர்கள் காலத்திலும் பஸ்ஸை ஏற்றும் இந்த வழி நன்றாகவே ஓடியது. 2011இல் இன்டெலின் சேண்டி பிரிட்ஜ் வரிசை வந்து கதவை மூடியது. அடிப்படை க்ளாக்கோடு, கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ், ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா எல்லாம் பிணைக்கப்பட்டன. 100ஐக் கொஞ்சம் தாண்டினாலே ஹார்ட் டிஸ்க் முரண்டு பிடிக்கும். மல்டிபிளையரைத் தாராளமாக ஏற்ற வேண்டுமென்றால் பெயரின் கடைசியில் 'கே' இருக்க வேண்டும். ஐ5-2500கே அப்படித்தான் புகழ் பெற்றது: 3.3 கிகாஹெர்ட்ஸ் சிப்பை 4.5க்குக் கொண்டுபோனவர்கள் ஏராளம்.

இன்று இன்டெல் என்றால் 'கே' பிராசசரும் 'இசட்' வரிசை மதர்போர்டும் சேர்ந்து வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன. ஆனால் மதர்போர்டு பி அல்லது எக்ஸ் வரிசையாக இருக்கட்டும், ஏ620 போன்ற ஏ வரிசை வேண்டாம்.

ஏஎம்டியின் எக்ஸ்3டி மாடல்களுக்குத் தனிக் கதை. 5800எக்ஸ்3டி-யில் கூடுதல் கேச்சை சிப்பின் மேல் அடுக்கினார்கள். கோர்களின் (சிப்பில் கணக்கு போடும் பகுதிகளின்) சூடு கூலருக்குப் போகும் வழியில் ஒரு போர்வை மாதிரி. மல்டிபிளையரைப் பூட்டிவிட்டார்கள். 2024இல் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேச்சைக் கோர்களுக்குக் கீழே மாற்றினார்கள். போர்வை போனது, பூட்டும் போனது! வாங்கும் முன் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது ஒரு நேர்மையான விஷயம். பெட்டியில் இருந்து எடுக்கும்போதே இன்றைய பிராசசர்கள் தங்கள் எல்லைக்கு அருகில்தான் ஓடுகின்றன. பூஸ்ட் என்ற பெயரில் அந்த இடைவெளியைக் கம்பெனியே பயன்படுத்திவிடுகிறது. அதற்கு மேல் தள்ள வோல்டேஜ் வேண்டும். மின்செலவு வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் பெருகும். 4.5இல் இருந்து 5 கிகாஹெர்ட்ஸ், அதற்காக 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கினால், வேகம் 11 சதவீதம் கூடும், மின்செலவு சுமார் 40 சதவீதம் கூடும். அத்தனையும் சூடு. உச்ச மாடலையும் சின்ன கூலரையும் சேர்த்து வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு படி கீழே உள்ள பிராசசரும் நல்ல கூலரும் எவ்வளவோ மேல்.

அப்படியானால் சுவாரசியம் எங்கே போனது? எதிர்த் திசைக்கு! வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள். ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி இருக்கிறது. வோல்டேஜை எத்தனை படி குறைப்பது என்று ஒவ்வொரு கோருக்கும் மைனஸ் 10, மைனஸ் 15 எனத் தனித்தனியாகக் கொடுக்கலாம். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் பூஸ்ட் தானாகவே இன்னும் மேலே போகும். பூட்டிய எக்ஸ்3டி மாடல்கள் பலவற்றிலும் இது வேலை செய்கிறது.

ஒரு எச்சரிக்கை: எல்லாக் கோர்களும் முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓடிவிட்டன என்று நம்பி விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு கோர் லேசான வேலையில் இருக்கும்போதுதான் அது உச்ச வேகத்தைத் தொடும், அங்கேதான் சரியும். ஆகவே ஒவ்வொரு கோராகச் சோதியுங்கள். அப்புறம், உங்கள் சிப்பில் எந்தக் கோர் மைனஸ் எவ்வளவு தாங்கியது என்று கமென்ட்டில் எழுதுங்கள். ஒரே மாடல் வைத்திருப்பவர்களின் எண்களை அடுத்த வீடியோவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.