பெரியவர்களுக்கு வர வேண்டிய சோறு

நேயர்களுக்கு வணக்கம். ஈரோட்டுப் பக்கம் ரேசன் கடையில் எடை போட்டே ஓய்வு பெற்றவன் நான். கையில் காசில்லாத வயதானவர்களுக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று பேசக் கூப்பிட்டார்கள். வழி இருக்கிறது. நம்ம ஊர்ப் பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்பதுதான் இல்லை. "காடு தோட்டம் வெச்சிருந்த குடும்பமுங்க, போய் வரிசையில நிக்கறதா?" என்பார்கள். அந்த ரோசத்தில் ராத்திரிக்கு வெறும் மோர்ச்சோறு.

முதலில் ரேசன். அரிசிக் கார்டுக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. பரம ஏழைகளுக்குக் கொடுக்கிற அந்தியோதயா கார்டு என்றால் மாதம் 35 கிலோ அரிசி. இடிக்கிற இடம், பொருள் வாங்க மிஷினில் வைக்க வேண்டிய கைரேகை. சென்னிமலைப் பக்கம் தறியிலேயே காலம் கழித்த ஆத்தாக்களுக்கு விரலில் ரேகையே தேய்ந்திருக்கும். முந்தானையில் துடைத்து வைத்துப் பார்ப்பார்கள். தலைமுடியில் ஒரு தேய் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கோடு மறுபடியும் வைப்பார்கள். மிஷின் ஏற்காது. "அப்புறம் வாங்க" என்றதும் பையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள்.

அப்படித் திரும்பாதீர்கள். ரேகை விழவில்லை என்பதற்காகக் கடைக்காரர் சாமான் தர மறுக்கக் கூடாது. கருவிழியைப் பதிகிற கருவியும் வந்திருக்கிறது. நடக்க முடியாதவர்கள், தமக்குப் பதிலாக இன்னார் வாங்கலாம் என்று அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். வயது முதிர்ந்தவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. பட்டியலில் உங்கள் கார்டு இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள்.

அடுத்தது முதியோர் உதவித்தொகை. 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1200 ரூபாய். ஆதரவில்லாதவர்கள் இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். இதை வாங்குகிறவர்களுக்கு அங்கன்வாடியில் மதியச் சாப்பாடும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பொடிசுகளோடு உட்கார வெட்கப்பட்டுப் போவதில்லை. அங்கே சாப்பிடாதவர்களுக்கு ரேசனில் தனியாக இலவச அரிசி உண்டு. அதையாவது விடாதீர்கள்.

அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர்சாதம் 3. ஆனால் அது கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாதிரி டவுன்காரர்களுக்குத்தான். கிராமத்திலிருந்து வந்தால் பஸ் காசுக்கே கட்டாது. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், சரி. அப்பாருகள் பாடுதான் பாவம்! மருதமலை, பண்ணாரி போன்ற கோயில்களில் மதியம் அன்னதானம் உண்டு. பழனியில் நாள் முழுக்கப் பந்தி நடக்கும். சாமி சோறு என்றால் நம்மவர்களுக்குக் கூச்சமும் வராது.

பேரன் பேத்திகள் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேசன் புகாருக்கு 1967. முதியோர் உதவிக்கு 14567. தாத்தா பாட்டி தாமாகப் பேச மாட்டார்கள், நீங்களே கூப்பிடுங்கள். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், நம்பர் கேட்பார்கள்.

நன்றி, வணக்கம்.