சாட்சிக் கூண்டில் கைபேசி

நேயர்களுக்கு வணக்கம். கைபேசியில் ஒரு மிரட்டல் செய்தி வருகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு பேருக்கு அனுப்புகிறோம். பிறகு பார்க்கவே பிடிக்காமல் மூலச் செய்தியை அழித்துவிடுகிறோம். வழக்கு அங்கேயே பாதி போய்விட்டது. ஸ்கிரீன்ஷாட்டின் தலைப்பில் தெரிவது நாம் சேமித்து வைத்த பெயர்தான். யாருடைய எண்ணுக்கும் யார் பெயரையும் வைக்கலாமே! எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார். ஆகவே மூலத்தை அழிக்காதீர்கள். புகைப்படத்தையும் வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் சுருங்கிவிடும். எடுத்த நேரம், இடம் பற்றிய உள்குறிப்புகள் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

சிசிடிவி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். திரை மூலையில் ஓடும் நேரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. பதிவுப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி எங்கோ பின்னால் போய்விடும். பேட்டரி நன்றாக இருந்தாலும், கடிகாரம் நாளுக்கு 2 விநாடி நழுவினால் போதும், வருஷத்தில் 12 நிமிடம். சம்பவ நேரத்தில் அங்கே இருந்தவர் இல்லாதவராகிவிட அது தாராளம். பெட்டியின் நேரமும் கைபேசி நேரமும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, வித்தியாசத்தை எழுதி வையுங்கள். கடிகாரத்தைத் திருத்தாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், திருத்தாதீர்கள். திருத்தினால் அந்த வித்தியாசத்துக்கான தடயமே போய்விடும். திரையைக் கைபேசியால் படம் பிடிக்காமல் கோப்பை அதன் மூல வடிவிலேயே இறக்குங்கள். தாமதமும் வேண்டாம், வட்டு நிரம்பினால் பழையதன் மேலேயே புதியது பதிவாகும்.

இறக்கியதும் ஹாஷ் மதிப்பு எடுக்க வேண்டும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு வரிசை. ஷா-256 என்ற முறையில் எடுத்தால் எழுத்தும் எண்ணும் கலந்து 64 இடம் கொண்ட வரிசை வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரிசை மொத்தமும் வேறாகிவிடும். எம்டி5 என்ற பழைய முறை மட்டும் போதாது. ஒரே மதிப்பு தரும் இரண்டு வேறு கோப்புகளை 2004லேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள்.

தர்மசங்கடம் இனிமேல்தான். கைபேசியை முழுதாக நகலெடுத்தால்தான் நம்பகம். ஆனால் அந்த நகலில் மருத்துவ அறிக்கை இருக்கும், தோழி அழுதுகொண்டே அனுப்பிய குரல் செய்தி இருக்கும். அவருக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்? சரி, குறைத்து எடுக்கலாம் என்றால், 'வேண்டியதை மட்டும் பொறுக்கிவிட்டார்கள்' என்பார்கள். ரைலி எதிர் கலிபோர்னியா வழக்கில் 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 9 பேரும் ஒருமனதாக, கைதானவரின் கைபேசியைத் துழாவப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்றார்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால் வாரண்ட் வந்த பிறகும் தோழியின் குரல் செய்தி அதே நகலில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், முழு நகலை முத்திரையிட்டு வைத்து, புலனாய்வில் இல்லாத ஒருவர் தேதி, எண், சொல் என்று வரம்பு வைத்துத் தேடி, அகப்பட்டதை மட்டும் தரவேண்டும். மேல்முறையீடும் முடிந்ததும் நகலை அழித்துவிட வேண்டும்.

நேரம் ஆகிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். போலிக் காணொளி பற்றி வைத்திருந்த பக்கம் அப்படியே நிற்கிறது. ஒன்று மட்டும்: இப்போது உண்மைப் பதிவையே 'செயற்கை நுண்ணறிவு செய்தது' என்று மறுத்துவிடலாம். அதற்கு மறுமொழி மூலக் கோப்பும் அதை எடுத்த கருவியும்தான். வழக்கு முடியும்வரை அந்தக் கைபேசியை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வணக்கம்.