இரண்டாவது தவணை எதற்காக?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணையை உரிய காலத்தில் போட்டுவிடும் பெற்றோர் பலர், அடுத்த தவணை வரும்போது, குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த இரண்டாவது தவணையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

குறைந்துபோன எதிர்ப்பாற்றலைக் கூட்டுவதற்காகவே இரண்டாம் ஊசி என்று பலரும் எண்ணுகிறார்கள். முதன்மைக் காரணம் வேறு. கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற, நோய்க்கிருமிகளை அடக்கும் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் இரத்தத்தில் சில மாதங்கள் தங்கி, தடுப்பூசியிலுள்ள வலுக்குறைந்த வைரஸையும் அடக்கிவிடக்கூடும். அதனால் ஒன்பதாம் மாதத்தில் ஊசி பெற்ற நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 85 பேருக்கும், ஓராண்டு நிறைந்தபின் பெற்றவர்களில் ஏறத்தாழ 93 பேருக்குமே பாதுகாப்பு உண்டாகிறது. விடுபட்ட குழந்தை எது என்று பார்வைக்குத் தெரியாதாகையால், எல்லோருக்கும் மறுமுறை போடுகிறோம். அப்போது பாதுகாப்பு 97 விழுக்காட்டை எட்டுகிறது.

விடுபடுவோர் சிலர்தானே என்று இருந்துவிட முடியாது. நோயுற்றவர் அறையைவிட்டுச் சென்ற பின்னரும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கக்கூடிய இந்த வைரஸ், உடலில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றத் தொடங்குகிறது. சமூகத்தில் 95 விழுக்காட்டினராவது இரு தவணைகளையும் பெற்றிருந்தால்தான், ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைகளும், புற்றுநோய்ச் சிகிச்சையினால் இந்த ஊசியைப் பெற இயலாத பிள்ளைகளும் காக்கப்படுவார்கள்.

‘எல்லோருக்கும் வந்து போகிற அம்மைதானே’ என்ற பேச்சுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. நிமோனியாவும் மூளை அழற்சியும் ஒருபுறம் இருக்க, தட்டம்மை, பிற நோய்களை எதிர்த்து உடல் ஏற்கெனவே ஈட்டியிருந்த எதிர்ப்பு நினைவையே அழிக்கிறது. தடுப்பூசி பெறாமல் தட்டம்மைக்கு ஆளான குழந்தைகளிடம் நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்கள் பெற்றிருந்த எதிர்ப்பொருள்களின் வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை இழந்திருந்தது தெரியவந்தது. காய்ச்சல் தணிந்து வீட்டில் நிம்மதி பிறந்த பிறகும், வேறு தொற்றுகளுக்கு அக்குழந்தை எளிதில் ஆளாகக்கூடிய காலம் நீடிக்கிறது.

பல நாடுகளில் இதே ஊசியில் ரூபெல்லாவுக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் தடுப்பு சேர்ந்திருக்கிறது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ரூபெல்லா தாக்கினால் சிசுவின் கண், செவி, இதயம் பழுதுபடலாம் என்பதால், பெண் குழந்தைகளுக்கும், அவர்களைச் சுற்றியுள்ள ஆண் பிள்ளைகளுக்கும் இது தேவை.

ஊசி போட்டு ஏழு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் சில குழந்தைகளுக்கு இலேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம். பெரும்பாலும் அது தானே அடங்கிவிடும். தவணை தள்ளிப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்டதைப் போட்டால் போதும். அட்டை தொலைந்து, போட்டோமா இல்லையா என்ற ஐயம் இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டு மீண்டும் போட்டுக்கொள்ளலாம். கூடுதலாக ஒரு தவணை பெறுவதால் தீங்கில்லை.