நடுத்துண்டு யார் தட்டுக்குப் போகிறது?

நடுவர் அவர்களே, எங்களை எப்படி மடக்கலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் எதிரணியினரே, அவையோரே, வணக்கம்.

இளம்பெண்கள் சரியாகச் சாப்பிடாததற்குக் காரணம் செல்போன் மோகமா, வீட்டு வழக்கமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் செல்போன்தான் என்று அடித்துப் பேசினார். ரீல்ஸ் பார்த்துப் பட்டினி கிடக்கிறார்களாம், பசி தாங்காமல் போனால் ஃபிரைடு ரைஸ் ஆர்டர் போடுகிறார்களாம். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

அண்ணே, 1998-99இல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு நடந்தது. இந்தியாவில் திருமணமான பெண்களில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்போது ரீல்ஸ் ஏது? வீட்டில் லேண்ட்லைன் இருந்தாலே தெருவே வந்து பேசிவிட்டுப் போன காலம் அது. சரி, இப்போதைய கணக்குக்கு வருவோம். 2019-21 கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31. பையன்கள் என்ன போனைத் தொடாத முனிவர்களா? ஃபிரைடு ரைஸ் கடையில் ராத்திரி பத்து மணிக்குக் கூட்டம் போடுவது யார் என்று இந்த அவைக்குத் தெரியும்.

மாதவிடாயில் ரத்தம் போகிறது, அதனால் குறைகிறது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரையில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து, பெண்ணுக்கு 29 என்று இருக்கிறது. யாருக்கு அதிகம் வேண்டுமோ அவள் தட்டில் அதிகம் விழுகிறதா?

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைக்கிற வீட்டில் போய்ப் பாருங்கள். சட்டியில் கரண்டி போகும்போதே துண்டுகளுக்குப் பெயர் எழுதியாகிவிட்டது. முதல் நடுத்துண்டு அப்பாவுக்கு. அடுத்தது, 'விளையாடிட்டு வந்திருக்கான்' என்று தம்பிக்கு. வால் துண்டு பெண்ணுக்கு. அம்மாவுக்குக் குழம்பு. வறுவலில் ஒன்று மிஞ்சினால் அதை மூடி வைப்பது தம்பியின் ராத்திரி சோற்றுக்கு. அந்தப் பெண் இன்னொரு துண்டு கேட்டால், 'பொம்பளப் புள்ளைக்கு நாக்கு நீளக் கூடாது' என்று பாட்டி அங்கிருந்தே குரல் கொடுப்பார். அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவரும் வால் துண்டு தின்று வளர்ந்தவர்தான்.

காலையில்? தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, தம்பி டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கும். ஒரு கையில் பின்னல், இன்னொரு கையில் அரை இட்லி, அதுவும் நின்றபடி. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் டயட்!

டயட் இருக்கும் பெண்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள், ராத்திரி வெறும் வெள்ளரிக்காயோடு படுக்கிறவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பயத்தை ஊட்டியது யார்? பெண் பார்க்க வரும் தேதி குறித்ததும், 'அஞ்சு கிலோ குறைச்சிடு, புடவை கட்டினா எடுப்பா இருக்கும்' என்றது இன்ஸ்டாகிராமா, அத்தையா? கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் அதே அத்தை வந்து, 'என்னடி இப்படி ஒட்டிப்போயிட்ட, அங்க சோறு போடலையா?' என்பார். எந்த எடையில் நின்றாலும் தப்பு.

பசித்தால் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியதுதானே என்று எதிரணி அக்கா சிரித்தபடி கேட்டார். கேட்கலாம் அக்கா. கேட்கிற நேரத்தில் சட்டியில் ஏதாவது இருக்க வேண்டுமே.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணி அண்ணனுக்கு ஒன்றே ஒன்று. நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார், அவர் தட்டில் என்ன மிச்சம் இருந்தது? அதைச் சொல்லிவிட்டு அப்புறம் செல்போனைத் திட்டுங்கள். நன்றி, வணக்கம்.