பயிலுனராகத் தொடங்குங்கள்: அரச உள்ளகக் கணக்காய்வு பற்றிய ஒரு பேச்சு

(வெள்ளவத்தையில் உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கணக்கீட்டை ஒரு பாடமாகப் படித்தவர்கள். பெற்றோரின் மனதில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். வங்கி இருக்கிறது, தனியார் கம்பனி இருக்கிறது, வெளிநாடு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு அரச அலுவலகத்து ஓடிட் பிரிவைப் பற்றி, அதாவது கணக்காய்வுப் பிரிவைப் பற்றி, ஏன் பேசுகிறார்கள்?

ஓர் அரச நிறுவனத்தை முழுமையாகப் பார்க்கக் கிடைக்கிற மேசைகள் மிகக் குறைவு. சம்பளப் பிரிவில் இருப்பவருக்குச் சம்பளம் தெரியும். களஞ்சியப் பொறுப்பாளருக்குப் பொருள் தெரியும். பெறுகைப் பிரிவில் இருப்பவருக்கு விலைமனு தெரியும். உள்ளகக் கணக்காய்வுப் பிரிவின் மேசைக்கோ இவை எல்லாமே வந்து சேரும். பத்தொன்பது, இருபது வயதில் அந்த மேசையின் ஓரத்தில் ஒரு பயிலுனராக உட்காரக் கிடைப்பது பெரிய வாய்ப்பு. அதைத் தவற விடாதீர்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஓடிட் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பத்தரமுல்லையில் இருக்கும் தேசிய கணக்காய்வு அலுவலகம். அது கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அலுவலகம். வெளியிலிருந்து வந்து பார்த்து, பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பது. அரச நிறுவனங்களின் கணக்குகளைப் பார்க்கிற பாராளுமன்றக் குழுக்களை கோப் குழு, கோபா குழு என்று செய்திகளில் கேட்கிறோமே, அங்கே விவாதிக்கப்படுவது பெரும்பாலும் அந்த அறிக்கைகள்தான். உள்ளகக் கணக்காய்வாளர் அப்படி வெளியிலிருந்து வருபவர் இல்லை. அமைச்சுக்கோ திணைக்களத்துக்கோ கூட்டுத்தாபனத்துக்கோ உள்ளேயே இருந்து, அந்த நிறுவனத்தின் தலைவருக்கு நேரடியாக அறிக்கை கொடுப்பவர். பணம் போய்ச் சேர்ந்த பிறகு பிழை பிடிப்பதை விட, போகும் வழியிலேயே ஓட்டையைக் காட்டிக்கொடுப்பது அவருடைய வேலை.

இந்தப் பதவி யாருடைய தயவாலும் வந்ததில்லை. அரச பணத்தைக் கையாள்வதற்கான விதிகளை நிதிப் பிரமாணங்கள் என்கிறோம். அதில் நிதிப் பிரமாணம் 133 உள்ளகக் கணக்காய்வின் வேலை என்ன என்று விரிவாகச் சொல்கிறது. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இன்னும் பலமானது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உள்ளகக் கணக்காய்வாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று அதன் 40 ஆம் பிரிவும், கணக்காய்வு முகாமைத்துவக் குழு இருக்க வேண்டும் என்று 41 ஆம் பிரிவும் கேட்கின்றன. சட்டம் இப்படி இருக்க, பல நிறுவனங்களில் இந்தப் பிரிவை ஓர் உத்தியோகத்தரும் இரண்டு எழுதுவினைஞர்களும் ஒரு மூலை அறையுமாக விட்டுவைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2022 இல் இந்த நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. பெற்றோல் வரிசையில் நாம் எல்லோரும் நின்றோம். அப்படிப்பட்ட நாட்டில் அரச பணத்தைக் காக்கிற அறைக்கு ஆள் போதாது என்பது சாதாரண விஷயம் இல்லை.

சரி, பயிலுனர் உண்மையில் என்ன செய்வார்? ஒரு திணைக்களத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

உயர் தேசிய டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி பயிற்சிக்கு வந்திருந்தா. முதல் வாரமே அவவிடம் ஒரு வேனின் நாளாந்த ஓட்டப் பதிவுகளைக் கொடுத்தார்கள். நாம் ரனிங் சார்ட் என்று சொல்வது. புறப்படும்போது மீற்றர், திரும்பும்போது மீற்றர், எங்கே போனது, யார் போனது, எத்தனை லீற்றர் டீசல், பொறுப்பானவரின் கையொப்பம். அவ ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தா. ஒரு நாள் ‘கண்டி’ என்று மட்டும் எழுதியிருந்தது, தூரம் 280 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீற்றர். போய் வந்தால் 230. மீதி 50 எங்கே? முகம் சிவக்க ஓடி வந்து, சாரதி டீசல் திருடியிருக்கிறார் என்று எழுதலாமா என்று கேட்டா.

பிரிவின் மூத்த உத்தியோகத்தர் எழுத விடவில்லை. ‘முதலில் போய் அவரிடம் கேள், பிள்ளை. மரியாதையாகக் கேள்’ என்றார். சாரதி அண்ணன் ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னார்: கண்டியில் கூட்டம் முடிய, மாத்தளைக் கிளைக்குக் கோவைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். கண்டியிலிருந்து மாத்தளை 25 கிலோமீற்றர். போய் வர 50. மாத்தளை அலுவலகத்தின் தபால் பதிவேட்டில் அதே திகதியில் அந்தக் கோவைகள் பதிவாகியிருந்தன. கணக்கு ஒத்துவந்தது. ஒரு நேர்மையான மனிதர் மேல் விழ இருந்த பழியை ஐந்து நிமிடப் பேச்சு தடுத்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு போகும்போது அந்தத் தங்கச்சி இன்னொன்றைக் கண்டா. அந்த வேனுக்கு எரிபொருள் நுகர்வுப் பரிசோதனை இரண்டு வருடத்துக்கு மேலாகச் செய்யப்படவில்லை. அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை 30/2016 என்ன சொல்கிறது? 12 மாதங்களுக்கு ஒரு தடவை, அல்லது 25,000 கிலோமீற்றர் ஓடியதும், அல்லது இயந்திரத்தில் பெரிய திருத்தம் செய்ததும், எது முந்துகிறதோ அப்போது பரிசோதனை செய்ய வேண்டும். அது நடக்காததால் அந்த வேன் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடுவது சரியா, பத்து ஓடவேண்டுமா என்று அந்தத் திணைக்களத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. 50 கிலோமீற்றரைத் தேடிப் போனவ இரண்டு வருட டீசல் செலவின் அளவுகோலே காணாமல் போனதைக் கண்டுபிடித்தா.

அப்புறம் அதை எழுத வைத்தார்கள். ஒரு கணக்காய்வு அவதானிப்பில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும். எது விதி? உண்மையில் என்ன நடந்திருக்கிறது? ஏன்? அதனால் என்ன விளைவு? என்ன செய்யலாம்? இதில் ‘ஏன்’ என்ற இடத்தில்தான் ஆளின் தரம் தெரியும். ‘கவனக்குறைவு’ என்று எழுதுவது சுலபம். அவ விசாரித்துப் பார்த்ததில், வாகன விடயத்தைப் பார்த்தவர் இடமாற்றத்தில் போயிருந்தார், புதிதாக வந்தவரிடம் பரிசோதனைத் திகதி பற்றி யாரும் சொல்லவில்லை, பதிவேட்டில் அதற்கென்று ஒரு நிரலும் இல்லை. ஆகவே பரிந்துரை ஒரே வரியில் முடிந்தது: வாகனப் பதிவேட்டில் அடுத்த பரிசோதனைத் திகதிக்கு ஒரு நிரல் போடுங்கள். செலவே இல்லாத திருத்தம். செயலாளர் முதல் சாரதி வரை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

விதியைத் தேடி எடுப்பது, ஆதாரம் பார்ப்பது, ஆளைக் கேட்பது, எழுதுவது. ஒரு வேனின் பதிவேட்டிலேயே இந்தத் தொழில் முழுவதும் இருக்கிறது. வகுப்பறையில் நான்கையும் தனித்தனியாகச் சொல்லித் தருவார்கள். ஒன்றாகப் பழகுவது மூத்தவர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்காரும்போதுதான்.

இனி, எப்படி நுழைவது என்று பார்ப்போம்.

இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா ஒரு நல்ல வழி. தெகிவளையிலும் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கிறது. படிப்போடு பயிற்சிக் காலமும் உண்டு. பல்கலைக்கழக முகாமைத்துவ, வணிகப் பட்டப்படிப்புகள் பலவற்றிலும் பயிற்சிக் காலம் இருக்கிறது. 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவகத்தில் படிப்பவர்கள், தாங்கள் சேரப்போகும் இடம் பயிற்சிக்கு அனுமதி பெற்றதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். உயர்தரத்தோடு நிற்பவர்கள் ராஜகிரியவில் இருக்கும் நைட்டாவை, அதாவது தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையை, நாடலாம். எந்த வழியால் போனாலும் நிறுவனத்திடம் வாய் திறந்து கேளுங்கள்: ‘என்னை உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் போடுங்கள்.’ கேட்காவிட்டால் கணக்குக் கிளையில் வவுச்சருக்கு இலக்கம் போடுவதோடு ஆறு மாதம் ஓடிவிடும்.

பெற்றோரிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்ததும் அரசாங்கம் நிரந்தர நியமனம் தராது. கொடுப்பனவும் கொழும்பில் பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் காணுமோ என்னவோ. அமைச்சுகளிலும் திணைக்களங்களிலும் உள்ளகக் கணக்காய்வாளர் பதவிகளுக்குப் பெரும்பாலும் வருபவர்கள் இலங்கைக் கணக்காளர் சேவையைச் சேர்ந்தவர்கள். அதற்குப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். தேசிய கணக்காய்வு அலுவலகத்துக்கு இலங்கைக் கணக்காய்வுச் சேவை என்று தனியாக ஒன்று இருக்கிறது. கூட்டுத்தாபனங்களும் சபைகளும் தாங்களே விளம்பரம் போட்டு ஆள் எடுக்கும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கிற பழக்கம் இன்றே தொடங்கட்டும். பயிற்சி பெற்ற பிள்ளை நேர்முகத்தில் வாயைத் திறக்கும்போதே வித்தியாசம் தெரியும். நிதிப் பிரமாணம் 104 இன்படி நட்டம் பற்றிய ஆரம்ப அறிக்கை ஏழு நாட்களுக்குள், முழு அறிக்கை மூன்று மாதத்துக்குள் போகவேண்டும் என்பதை மனப்பாடமாக ஒப்பிப்பவரும் இருப்பார். அந்த அறிக்கைக்கு ஆதாரம் தேடிக் களஞ்சியத்தில் தூசியோடு நின்றவரும் இருப்பார்.

மொழி. கொழும்பில் உங்கள் கையில் வரும் கோவைகளில் அநேகமானவை சிங்களத்தில் இருக்கும், சுற்றறிக்கையை ஆங்கிலத்தில் படிப்பீர்கள். இதைக் கேட்டு நம் பிள்ளைகள் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பின்வாங்காதீர்கள். 2007 யூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் எப்படியும் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டியவர்கள். பயிற்சிக் காலத்தில், கோவைக் குறிப்புகளை வாசித்து வாசித்துக் கற்கிற சிங்களம் வகுப்பில் கிடைக்காது. அதே நேரம், வடக்கிலோ கிழக்கிலோ மலையகத்திலோ கிளை அலுவலகம் ஒன்றைப் பரிசோதிக்கப் போகும்போது தமிழில் கேள்வி கேட்டு, தமிழில் வந்த பதிலைச் சரியாக எழுதக்கூடிய ஆள் அந்தப் பிரிவுக்குக் கட்டாயம் தேவை. அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

பிரித்தானியாவில் இதை இன்னும் ஒழுங்காகச் செய்கிறார்கள். 2015 இல் அவர்கள் திறைசேரியின் கீழ் அரச உள்ளகக் கணக்காய்வு முகவரகம் ஒன்றை அமைத்தார்கள். இங்கிலாந்தில் உள்ளகக் கணக்காய்வுக்கென்றே பயிலுனர் தரநிலை இருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டே வேலை பழகித் தொழிற்தகைமையும் எடுக்கலாம். நமது திறைசேரியிலும் முகாமைத்துவக் கணக்காய்வுத் திணைக்களம் இருக்கிறது. எல்லா அமைச்சுகளுக்கும் பொதுவாக ஒரு பயிலுனர் திட்டத்தை அது தொடங்கினால் என்ன? இந்தக் கேள்வியை மேலிடத்தில் இருப்பவர்களிடம் தொடர்ந்து கேட்கப் போகிறேன்.

சபையில் பதவியில் இருக்கும் கணக்காளர்கள் சிலரைக் காண்கிறேன். ஐயா, அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பயிலுனரைத் தேநீர் கொண்டுவரவும் போட்டோப் பிரதி எடுக்கவும் அனுப்பாதீர்கள். முதல் மாதமே ஒரு வங்கி இணக்கக் கூற்றைக் கையில் கொடுங்கள். பொருள் கணக்கெடுப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் எழுதிய வரைவைச் சிவப்புப் பேனையால் திருத்தி, ஏன் திருத்தினீர்கள் என்றும் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, கடிதம் ஒரு பக்கம் போதும். நிறுவனத் தலைவருக்கு எழுதி, உள்ளகக் கணக்காய்வாளருக்குப் பிரதி போடுங்கள். என்ன படிக்கிறீர்கள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வரமுடியும், எந்த மொழிகள் வாசிப்பீர்கள் என்பவற்றை எழுதுங்கள். கல்வி நிறுவனத்தின் சிபாரிசுக் கடிதத்தையும் இணையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் நேரில் போங்கள். எழுதத் தயங்குபவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். கடதாசி இருக்கிறது, இன்றைக்கே உட்கார்ந்து எழுதுவோம்.