பயிற்சி இரண்டு வழியிலும் நடக்கட்டும்

நடுவர் அவர்களே, சபையில் இருக்கிற உறவுகளே, வணக்கம்.

அரச உத்தியோகத்தருக்குப் பயிற்சி நேரில் மட்டும் நடக்க வேண்டுமா, நேரிலும் இணையவழியிலும் கலந்து நடக்க வேண்டுமா என்பதுதான் இன்றைய வழக்கு. நான் கலந்து நடக்க வேண்டும் என்கிற அணி. முகம் பார்க்காமல் படிப்பு ஏறாது என்றார் எதிரணி நண்பர். சரி, ஆனால் அந்த முகத்தைப் பார்க்க எங்கள் ஆட்கள் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதை அவர் சொல்லவே இல்லை.

நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தை எடுங்கள். அங்கிருந்து ஒருவர் யாழ்ப்பாணம் நகருக்கு வருவதென்றால் முதலில் குறிகட்டுவானுக்குப் படகு, அதற்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், பிறகு பஸ். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. பயிற்சி கொழும்பில் என்றால் இன்னும் 400 கிலோமீற்றர் வரை, இரவு பஸ்ஸில் நித்திரை இல்லாமல் போய்க் காலையில் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர் இல்லாத நாட்களில் அவருடைய மேசையைத் தேடி வந்த சனம் வெறும் கதிரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறதே, அந்த நட்டத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

இவ்வளவு பாடுபட்டுப் போனால், அரச சேவை விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையையும் அரச பணத்தைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணங்களையும் ஒருவர் திரையில் போட்டு வாசிக்கிறார். வாசிக்க எதற்கு மண்டபம்? அதையே தமிழில் பதிவுசெய்து கொடுத்தால் விளங்காத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்கலாம், சேவையில் மேலே போக உத்தியோகத்தர் சித்தியடைய வேண்டிய வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சைக்கு முதல்நாளும் கேட்கலாம்.

நேரில் கூடுகிற நாளை வேறு வேலைக்கு வைப்போம். இடம்பெயர்வில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தொலைத்துவிட்டு வந்து நிற்கிற ஒரு அம்மாவிடம் எப்படிக் கதைப்பது, எதை முதலில் கேட்பது, எந்தக் கந்தோருக்கு அனுப்பினால் அவர் மறுபடி அலைய மாட்டார் என்பதெல்லாம் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து செய்து காட்டினால்தான் வரும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருகிற விண்ணப்பத்துக்கு எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்பதும் கூடியிருந்து வாதாடிப் பழக வேண்டிய விடயம். இரண்டாம் மொழியாகச் சிங்களம் பேசிப் பழகுவதும் அப்படித்தான். இதில் எதிரணியோடு எனக்குச் சண்டையே இல்லை.

சூமில் வகுப்பு வைத்தால் உத்தியோகத்தர்கள் கமராவை நிறுத்திவிட்டுக் கோப்புப் பார்க்கிறார்கள் என்கிறார்கள் எதிரணியினர். உண்மைதான். ஏன் பார்க்கிறார்கள்? அந்த நேரத்தைக் கடமை நேரமாக ஒதுக்கிக் கொடுக்காததால். மூன்று மணித்தியால விரிவுரையை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டு, வீட்டில் பாருங்கள் என்று சொன்னால், இராச் சமையல் முடித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகுதான் ஒரு பெண் உத்தியோகத்தர் அதைத் திறக்க முடியும், அதுவும் தன் டேட்டாவில். நான் கேட்கிற கலப்புப் பயிற்சி அது இல்லை. வாரத்தில் ஒரு அரை நாள், கந்தோரிலேயே, கணினியும் இணையமும் கொடுத்து, ஒருவர் மாறி ஒருவராக, வந்த சனத்தின் அலுவலை மற்றவர் பார்க்க, இவர் படிக்க வேண்டும்.

நடுவர் அவர்களே, எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னால் இந்த அரை நாளையும் சேர்த்தே சொல்லுங்கள்.